சத்தமாகச் சொல்லுங்கள், மேடம்

என் கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவரை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக் கம்பெனி போய் வேறொன்று வந்தது. ஆட்கள் அதே ஆட்கள், கிரேன் அதே கிரேன். குடும்பத்துக்கு இருந்த மருத்துவ இன்ஷூரன்ஸ் மட்டும் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே அவர் இதைச் சொன்னார். நான் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பயம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கம்பெனி மூலமாக இருந்தபோது எங்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தனியாக எடுக்கப் போனால் கேட்பார்கள். கேட்டால் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்குக் காசநோய் வந்து போயிருந்தது. மகள் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். சாயங்காலம் ஆனால் உடம்பு கொதிக்கும். ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆனது. ஒரு நாள் இருமித் துப்பியதில் சிவப்பு இருந்தது. அதற்கான மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது, எங்கள் ராயபுரத்திலேயே வரிசையில் நின்று வாங்கலாம். ஆனால் நான் வீட்டில் டியூஷன் எடுப்பவள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பாதிப் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். அந்த வரிசையில் நான் நின்றால், எனக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பது அவர்களுடைய வீட்டார்தான். அதனால் பெரம்பூரைத் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். பஸ் மூலக்கொத்தளம் சுடுகாட்டைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வேன்.

தொற்று போய்விட்டதென்று சோதனையில் தெரியும்வரை டியூஷனை நிறுத்திவைத்தேன். மஞ்சள் காமாலை என்று தெருவுக்குச் சொன்னோம். மகளுக்கும் அதையேதான் சொன்னோம். மருந்தை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டு முடித்தேன். பூரணமாகக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். அதற்குப் பிறகு நானும் என் கணவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

வண்ணாரப்பேட்டையில் ஸ்கூல் பை கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். கடையோடு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலையும் பார்க்கிறார். அவரை வீட்டுக்கு வரச்சொன்னோம்.

"போன்ல ஒரு டாக்டர் கூப்டுவாங்க டீச்சர். சுகர் கீதா, பிரஷர் கீதான்னு கேப்பாங்க. இல்ல இல்லன்னு சொல்லிகினே போங்க. முடிஞ்சிது மேட்டரு."

"ஏதாவது இருந்திருந்தா, பாய்?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இருந்து போயிட்ச்சா, இன்னும் கீதா?"

"போயிடுச்சு. ரொம்ப வருஷமாச்சு."

"அப்ப அத்த எதுக்கு நோண்டிகினு? வுட்ருங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு தானாகவே சொன்னார். "ஆனா ஒண்ணு டீச்சர். நாளிக்கே ஆஸ்பத்திரில படுக்கற மாதிரி ஆச்சின்னா, பழைய கதயெல்லாம் தோண்டுவானுங்க. மறச்சிட்டேன்னு சொல்லி கைய விரிச்சிருவானுங்க. நானே அந்த மாதிரி பாத்துகீறேன். சொன்னாலும் பேஜாரு, சொல்லாங்காட்டியும் பேஜாரு. நீங்களே ரோசன பண்ணிக்கோங்க."

அவர் போன பிறகு என் கணவர் சொன்னது ஒரே வார்த்தைதான். "சொல்லிடு."

அந்தப் போன் டியூஷன் நேரத்தில் வந்தது. கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். பேசியது ஓர் இளம்பெண்ணின் குரல், மரியாதையான குரல். தான் டாக்டர் என்றும், இந்தப் பேச்சு பதிவாகிறது என்றும் சொன்னாள். வயது, எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கேட்டாள். பிறகு, "உங்க வீட்டுக்குப் பக்கத்துல தொழிற்சாலை ஏதாவது இருக்கா மேடம்? எவ்வளவு தூரம்?" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே சென்னைத் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் புகை போய்க்கொண்டிருந்தது. எதிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்வது? என் அப்பாவும் இந்தப் புகையைப் பார்த்துத்தான் வளர்ந்தார். "இருக்குங்க, கொஞ்சம் தள்ளி" என்றேன்.

"நுரையீரல் சம்பந்தமா ஏதாவது வியாதி, ஆஸ்துமா, டிபி, எப்பவாவது இருந்திருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாடியில் ஆள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து வீட்டுக்காரி முகத்துவாரக்குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். காசிமேட்டில் மீன் விற்பவள். குனிந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருந்தது" என்றேன்.

"கேக்கல மேடம்."

"ரெண்டாவது சொன்னீங்களே, அது இருந்தது."

"ஆஸ்துமாவா, டிபியா? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம். கால் ரெக்கார்ட் ஆகுது. உங்க வாயால தெளிவா சொல்லணும்."

 கீழே பிள்ளைகளின் குரல் நின்றுவிட்டது போல இருந்தது. நின்றிருக்கவில்லை, எனக்குத்தான் கேட்கவில்லை. அந்த இரண்டு எழுத்தையும் சத்தமாகச் சொன்னேன். குணமாகிவிட்டது என்பதை அதைவிடச் சத்தமாகச் சொன்னேன். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கருவாட்டைப் புரட்டும் கை நிற்கவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். நான் எதிர்பார்த்திராத ஒரு பயம் அங்கே வந்தது. குணமானதை இத்தனை வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திரும்ப வந்திருந்தால்? தண்டையார்ப்பேட்டையில் அவர்கள் சொன்ன பரிசோதனை நிலையத்தில், முதுகுப் பக்கம் திறந்த அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றபோது எனக்கு இழுக்கவே வரவில்லை. எக்ஸ்ரே எடுத்த பையன் பொறுமையாக மறுபடியும் சொன்னான். படம் அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போய்விடும், எங்கள் கையில் தரமாட்டார்களாம். என் நெஞ்சைப் பற்றி எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும்மா" என்றான். அவன் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் இறங்கவில்லை. கடைசியில் என் கணவரே என்னைத் தனியாக ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் வேறு எக்ஸ்ரே எடுக்கவைத்தார். பழைய தழும்பு மட்டும் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார் அந்த டாக்டர். வெளியே வந்து இரண்டு பேரும் நின்றோம். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி என் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"டீச்சர், ஒரு ஆளு பைக்ல வந்தான். கழுத்துல கார்டு மாட்டிகினு. மாவு மிஷின்ல போய் உங்களப் பத்தி விசாரிச்சிகினு இருந்தான். 'அந்த வூட்டு அம்மா இருமுவாங்களா, டிபிக்கு மாத்திர சாப்ட்டாங்களாமே, இப்பவும் சாப்டறாங்களா'ன்னு."

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"நான் போய்க் கேட்டேன். 'இன்னா வேணும் ஒனக்கு? அவங்க வூடு தோ கீது. அங்க போய் அவங்களயே கேளு'ன்னேன். இன்ஷூரன்ஸ் வெரிபிகேசனாம். ஒண்ணும் பேசாம வண்டிய எடுத்துகினு பூட்டான்."

"மிஷின்ல அப்ப யாரெல்லாம் இருந்தாங்க?"

அவள் சொன்னாள். மிஷின்காரர், அவர் மனைவி, மாவு அரைக்க வந்திருந்த பெண்கள். அந்தப் பெண்களில் மூன்று பேருடைய பிள்ளைகள் அன்று சாயங்காலம் என்னிடம் வரவேண்டியவர்கள்.

"நீங்க மாடில போன்ல பேசனது அன்னிக்கே என் காதுல வுழுந்துச்சி டீச்சர்" என்றாள். "நான் யாராண்டயும் சொல்லல. எங்க மாதா மேல சத்தியமா."

"தெரியும்" என்றேன். தெரியாது. மாடியில் கேட்டதை அவள் வெளியே சொல்லியிருப்பாளோ என்று அந்த நிமிஷம்வரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கோரைப்பாய்களை விரித்துப் பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தேன். சில பிள்ளைகள் வந்தார்கள். பிறகு ஓர் அம்மா தனியாக வந்தாள். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று, "பரிட்ச முடியற வரிக்கும் வூட்லயே படிக்கட்டும்னு அவங்கப்பா சொல்றாரு டீச்சர்" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அந்த வாரம் முழுவதும் இப்படியே போயிற்று. ஒருத்தி மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்து நேராகக் கேட்டாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே டீச்சர்? என் புள்ளைக்கு ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. எனக்கு அது போய் ரொம்ப வருஷம் ஆச்சு. இப்பவும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

 மறுநாள் அவள் பிள்ளை வந்தது. மற்றவர்கள் கேட்கவும் இல்லை, வரவும் இல்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் அதைத் தெருவில் யாரோ பேசக் கேட்டு வந்தாள். அடுக்களை வாசலில் நின்று, "மஞ்சக் காமாலைன்னுதானேம்மா சொன்னீங்க?" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள்.

"அப்ப என்னைக் கிட்டயே சேக்கல நீ. பக்கத்துல படுக்க வந்தா போன்னு சொல்லுவ. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், அதான் அம்மாக்கு என்னப் புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவளுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு வாழ்ந்த மாதங்கள் அவை. அவளுடைய கணக்கில் அவை அப்படிப் பதிந்திருக்கின்றன. அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் குழம்பு அடிபிடித்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து கணவரின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. எனக்கு மட்டுமல்ல, மூன்று பேருக்குமே. காரணம் எதுவும் இல்லை.

பாய்க்குப் போன் செய்தோம். "எழுத்துல காரணம் குடுக்கணும் டீச்சர், அது ரூல். நேராப் போய் கேளுங்க. நானும் வரேன்" என்றார்.

என் கணவருக்கு வர மனமில்லை. வேலைக்கு ஏதாவது வில்லங்கம் வருமோ என்று அவருக்குப் பயம். வேறெந்தக் கம்பெனிக்குப் போனாலும், "இதற்கு முன் எங்காவது மறுத்தார்களா" என்று கேட்பார்களே என்றும் பயம். ஆனாலும் கோவிலுக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அலுவலகம் ஊருக்கு நடுவே ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தது. உள்ளே நல்ல குளிர். நாங்கள் மூன்று பேரும் ஒரு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இருமல் வந்துவிடக் கூடாதே என்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். குளிரில் தொண்டை கரகரத்தது. இருமினால் அவர்கள் பார்ப்பார்கள்.

எங்களோடு பேசிய அதிகாரிக்கு என் தம்பி வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்லமுடியாது.

"அண்டர்ரைட்டிங் முடிவு மேடம், பாலிசி குடுக்கலாமா வேணாமான்னு பாக்கற பிரிவு. நாங்க மாத்த முடியாது" என்றார்.

"எதனால மறுத்தீங்கன்னு சொல்லுங்க சார். என் பழைய வியாதியாலயா, அவரு வேலையாலயா, எங்க ஏரியாவாலயா?"

"எல்லாத்தயும் சேத்துப் பாத்துத்தான் மேடம் ரிஸ்க் முடிவு பண்றது. அப்படித் தனித்தனியாச் சொல்ல முடியாது."

"என் பொண்ணுக்கு ஒரு வியாதியும் இல்லயே. அவளை ஏன் மறுத்தீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, எங்களுக்குத் தெரியவில்லை. அதுவரை பேசாமல் இருந்த என் கணவர் கேட்டார். "நாங்க பொய் சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?"

அதிகாரி பேனாவை எடுத்துத் தாளில் எதையோ குறித்தார்.

நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். அதிகம் நோய் வரக்கூடியவரிடம் அதிகம் வாங்குவார்கள் என்பது எனக்குப் புரியாத கணக்கு அல்ல. அப்படிச் செய்யாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். இரக்கம் காட்டச் சொல்லி நான் அங்கே போகவில்லை. ஆனால் என்னை எடைபோட்டவர்கள் தட்டில் எதை வைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டுத் தீர்த்த வியாதியையும், பிறந்த இடத்தையும், இந்த ஊருக்கே சாமான் இறக்கிக் கொடுக்கும் வேலையையும் சேர்த்துக் கட்டி, மூன்று உயிருக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார்கள். இதை எல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. சொல்லவேண்டியதை மட்டும் சொன்னேன்.

"உங்க ஆளு எங்க தெரு மாவு மிஷின்ல நின்னு என் வியாதியைச் சொல்லி விசாரிச்சிருக்காரு. நான் உங்க டாக்டருக்கு மட்டும்தான் சொன்னேன். என்கிட்டப் படிக்கிற பிள்ளைங்க நின்னுபோச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது மேடம்" என்றார், மெதுவாக. அங்கே போனதில் எனக்குக் கிடைத்த ஒரே மனித வார்த்தை அதுதான். பிறகு ஓர் ஈமெயில் முகவரியைக் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொன்னார்.

மகள் உட்கார்ந்து எழுதினாள். நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். இந்தப் புகாரைப் படிக்கப் போகிறவர்கள் இன்னும் எத்தனை பேரோ? வேண்டாம் விட்டுவிடலாம் என்று பாதியில் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

சில வாரங்களில் பதில் வந்தது. கணவருக்கும் மகளுக்கும் பாலிசி கொடுப்பார்களாம். எனக்கும் கொடுப்பார்கள், கூடுதல் பிரீமியத்தோடு. நுரையீரல் சம்பந்தமான எதுவும் சில வருஷங்களுக்கு அதில் சேராது. "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி இருந்தது. விசாரிக்க வந்த ஆளைப் பற்றி ஒன்றும் இல்லை.

"சண்ட போட்டு இவ்ளோ வந்ததே பெருசு டீச்சர். வாங்கிக்கோங்க" என்றார் பாய். வாங்கிக்கொண்டோம். வராமல் நின்ற பிள்ளைகளில் சிலர் பரீட்சைக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். மற்றவர்களைத் தெருவில் பார்த்தால் "குட் மார்னிங் டீச்சர்" என்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரி மாடிச் சுவர் ஓரமாக வந்து என்னைக் கூப்பிட்டாள். அவள் இளைத்திருந்தாள். அதை ஏன் அதுவரை கவனிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

"டீச்சர், எனிக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. சாய்ந்தரம் ஆனா ஜொரம் வருது." அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "நீங்க தூரமா ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொன்னீங்களே, அதுக்கு எந்த பஸ்சு?"

 எந்த பஸ் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தினமும் மீன் கூடை தூக்குகிறவளால் அவ்வளவு தூரம் தவறாமல் போய்வர முடியாது. மருந்து விட்டுப்போகும்.

"இங்கயே போலாம். நான் கூட வரேன்" என்றேன்.

மறுநாள் ராயபுரத்திலேயே அந்த வரிசையில் இரண்டு பேரும் நின்றோம். எங்களைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். என் பழைய மாணவன் ஒருவனின் அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். என் உள்ளங்கை வியர்த்து, பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்திருந்த பிடி வழுக்கியது. அவள் கையும் வியர்த்திருந்தது.

சளிச் சோதனையில் அவளுக்கும் இருந்தது. மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். கூடவே பாயைப் பற்றிச் சொல்லி, குணமான பிறகு ஓர் இன்ஷூரன்ஸ் எடுத்துவை என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "உங்களுக்கு இன்னா நடந்துச்சின்னு பாத்துகினுதானே இருந்தேன். என் பேர அவனுங்க கைல குடுக்கவே மாட்டேன்."

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

மருந்து முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. காலையில் சுவருக்கு அப்பாலிருந்து அவள் இருமும் சத்தம் வரும்போது, நான் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சில நாள் குறைந்த மாதிரி இருக்கிறது. சில நாள் அப்படித் தோன்றவில்லை.